வெட்டிய வேர் என் திண்ணையில் இருக்கிறது: எங்கள் மலைக்காட்டுத் தடத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

தை மாதத்தின் கடைசி வாரத்தில், நாங்கள் பெரியமரத் தடம் என்று அழைக்கும் காட்டுவழியின் இரண்டாவது வளைவில், ஜேசிபி இயந்திரம் ஒரு வெடிப்பலா மரத்தின் பக்கவேரை வெட்டி எடுத்தது. என் தொடையின் பருமன் இருந்த அந்த வேரில் ஒரு முழத் துண்டு இப்போது என் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. காட்டிலிருந்து காய்ந்த சுள்ளிகூட எடுத்து வரக்கூடாது என்பதை நான் அறிவேன். என்மீது வழக்குப் பதிய விரும்பினால் தாராளமாகப் பதியுங்கள். அந்த வேரைத் தடயப் பொருளாக நீதிமன்றத்தில் வைத்துப் பேச எனக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். எதற்காக வெட்டினீர்கள் என்று அங்கே நின்றிருந்த மேற்பார்வையாளரைக் கேட்டேன். "இன்டர்லாக் கல் பதிக்கணும் டீச்சர், தரை மட்டமா இல்லேன்னா கல்லு உட்காராது" என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் கையிலிருந்த வரைபடத்தில் பாதை நேர்க்கோடாக இருந்தது. மரம் எதுவும் அதில் குறிக்கப்படவில்லை.

இந்த மடலில் தடம் இருக்கும் இடத்தையும் உங்கள் அலுவலகத்தின் பெயரையும் நான் எழுதவில்லை. உங்கள் அலுவலகம் எது என்று உங்களுக்குத் தெரியும். நான் கொடுத்த இரண்டு மனுக்களுக்கான ரசீதுகள் என்னிடம் உள்ளன. இடத்தை எழுதாததற்குக் காரணம் வேறு. எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பொள்ளாச்சியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வண்டிகள் வரிசைகட்டி மலையேறிவிடும். கலிபோர்னியாவில் ஹைப்பீரியன் என்று பெயரிடப்பட்ட ரெட்வுட் மரம் ஒன்று 115 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. உயிரோடிருக்கும் மரங்களில் அதைவிட உயரமானது இதுவரை அறியப்படவில்லை. அதற்குப் பாதை கிடையாது. ஆனாலும் இருக்குமிடம் இணையத்தில் கசிந்ததால் ஆட்கள் புதரை மிதித்துக்கொண்டு போய்ப் போய், மரத்தடியில் இருந்த பெரணிச்செடிகள் அழிந்து வெறும் மண் தெரியத் தொடங்கியது. 2022-இல் அந்தத் தேசியப் பூங்காவினர் அப்பகுதியையே மூடி, மீறி நுழைவோருக்கு 5,000 டாலர் வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும் உண்டு என்று அறிவித்தார்கள். வெறும் கால்கள் மட்டுமே செய்த சேதம் அது. நீங்களோ இயந்திரத்தோடு வந்திருக்கிறீர்கள்.

கொல்லங்கோட்டு வயல்களில் நின்று தெற்கே பார்த்தால் சுவர்போல எழுந்து நிற்கிற மலைத்தொடரின் மேலே, ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்து வீடொன்றில் பிறந்தவள் நான். 31 ஆண்டுகள் தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். ஆண்டுதோறும் மழை ஓய்ந்து அட்டைகள் குறைந்த மார்கழியில், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை இந்தத் தடத்துக்கு அழைத்துச் செல்வேன். நீட்டலளவை என்ற பாடத்தை நான் கரும்பலகையில் நடத்தியதில்லை. மரங்களைச் சுற்றித்தான் நடத்தினேன். ஒரு மரத்துக்கு ஒரு பருத்திக் கயிறு. பிள்ளைகள் தங்கள் நெஞ்சுயரத்தில் கயிற்றைச் சுற்றி, முனை வந்து சேரும் இடத்தில் அந்த ஆண்டுக்கான முடிச்சைப் போடுவார்கள். ஒன்பது மரங்களுக்கான ஒன்பது கயிறுகள் இன்றும் என் பெட்டியில் இருக்கின்றன. நாங்கு மரத்தின் கயிற்றில் முடிச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன, அவ்வளவு மெதுவாகப் பருக்கிற மரம் அது. தடத்தின் நுழைவாயிலில் நின்ற சீனி மரத்துக்கு மட்டும் கயிறு கிடையாது. அதன் பலகைவேர்கள் ஆளுயரத்துக்கும் மேலே மதில்களைப் போலப் பிரிந்து நின்றதால் அதைக் கயிற்றால் அளக்க முடியவில்லை. பிள்ளைகள் கைகோத்து நிற்பார்கள், எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்று எழுதி வைப்போம். கடைசியாக எழுதிய எண் 17.

இப்பெருமரங்கள் எப்படித் தப்பின என்பதை அறிந்தால்தான் அவற்றின் அருமை விளங்கும். என் தாத்தா பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஓடிய கொச்சி வன டிராம்வே என்ற சிறு ரயிலில் தடி ஏற்றியவர். 1907-இல் ஓடத் தொடங்கி 1963-இல் நிறுத்தப்பட்ட அந்தப் பாதை வழியாகத் தேக்கும் ஈட்டி மரமும் கடற்கரைக்கு இறங்கிப் போயின. இந்தப் பக்கம் டாப்ஸ்லிப் என்ற ஊருக்கு அந்தப் பெயர் வந்ததே, மலையுச்சியிலிருந்து தடிகளைச் சரித்துவிட்டதால்தான். அந்தக் காலத்தில் மரம் வெட்டக் காட்டுக்குள் போன ஒவ்வொரு கூப்பு ஆளும் நல்ல மரமாகப் பார்த்துத்தான் கோடரி வைத்தான். விட்டுப்போனவை எவை? உள்ளே பொந்து விழுந்தவை, யானையால் இழுத்துவர முடியாத சரிவில் நின்றவை, மெத்தென்ற கட்டையாக இருந்ததால் விலைபோகாத சீனியைப் போன்றவை, தெய்வம் குடியிருப்பதாகச் சொல்லி இம்மலைகளின் பழங்குடிகளான காடர் மக்கள் தொடவிடாதவை. எங்கள் தடத்திலுள்ள பெரிய பாலி மரத்தடியில் ஏழு கற்கள் இருக்கின்றன. கன்னிமார் என்று லயத்துப் பெண்கள் சித்திரையில் பொங்கல் வைப்பது அங்கேதான். பரம்பிக்குளத்துக் கன்னிமாரா தேக்கைப் பற்றியும் வெட்டப் போனபோது ரத்தம் வந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையா என்பது என் கவலையன்று. கதையால் மரம் நின்றது என்பது உண்மை. ஐந்து பேராவது கைகோத்தால்தான் வளைத்துப் பிடிக்க முடிகிற அந்தத் தேக்குக்கு மத்திய அரசு மகாவிருட்ச புரஸ்கார் என்ற விருதே கொடுத்திருக்கிறது. கூப்புக்காரனின் கோடரி கழித்து விட்டுவைத்த மரங்களைப் பாதை போடுகிறவர்கள் கொல்வதை எப்படிப் பொறுப்பது?

கொல்வது என்ற சொல் மிகையென்று உங்களுக்குத் தோன்றலாம். சீனி மரத்தின் கதையைச் சொல்கிறேன், நானும் அதில் உடந்தை என்பதால் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

12 ஆண்டுகளுக்கு முன்பு, தடத்துக்கு வருவோர் உட்காருவதற்காக அந்தச் சீனி மரத்தைச் சுற்றி ஒரு மேடை கட்டப்பட்டது. பலகைவேர்களுக்கு நடுவிலிருந்த பள்ளங்களில் மூன்றடி உயரத்துக்கு மண் கொட்டி, மேலே சிமெண்டுப் பூசி, ஓடு ஒட்டினார்கள். திறப்பு விழாவன்று பிள்ளைகளைச் சீருடையில் வரிசையாக நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னவள் நான்தான். விழா முடிந்து திரும்பும்போது காடர் குடியின் மூப்பன் என்னிடம் வந்து, "டீச்சரம்மா, மரத்தோட காலை மிதிக்காதேன்னு சின்னப் புள்ளைக்கே சொல்லுவோம், இவங்க புதைச்சுல்ல போட்டாங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டேன். படித்தவள் என்ற நினைப்பு.

சீனி இலையுதிர்க்கிற மரம். வேனிலில் மொட்டையாக நின்று, முதல் மழைக்குத் துளிர்க்கும். நான்காவது ஆண்டில் உச்சிக் கிளைகள் இரண்டு துளிர்க்கவில்லை. அந்த மரத்தின் உயரத்தில் ஆண்டுதோறும் பெருந்தேனீக்கள் பத்துப் பதினைந்து அடைகள் வைக்கும், அந்தத் தேனை எடுக்க ஒரே குடும்பத்தினர்தான் பரம்பரையாக ஏறுவார்கள். ஐந்தாவது ஆண்டில் மூன்று அடைகள். அதற்கடுத்த ஆண்டில் ஒன்றுமில்லை. மேடைக்குச் சற்று மேலே தட்டுத் தட்டாகக் காளான்கள் வெளியே வந்தன. இதை எழுத்தில் தெரிவித்தேன், முதல் மனு அதுதான். எட்டாவது ஆண்டின் ஆடி மாதத்தில், மழை பெய்த ஓர் இரவில், மரம் வேரோடு சாய்ந்தது. பகலில் விழுந்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. இரவானதால் நுழைவுச்சீட்டுக் கொட்டகை மட்டும் நொறுங்கியது. காலையில் போய்ப் பார்த்தபோது, மேடைக்குக் கீழே இருந்த வேர்களெல்லாம் கறுத்து, ஊறவைத்து மறந்துபோன அரிசியின் நாற்றம் அடித்தது. கையால் பிய்த்தால் வந்தது. பலத்த காற்றால் மரம் விழுந்ததாகக் கோப்பில் எழுதப்பட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அன்று அந்தச் சரிவில் வேறெந்தப் பெரிய மரமும் விழவில்லை.

வேர் என்றால் தண்டுக்கு நேர் கீழே ஆழத்தில் இறங்குவது என்று நாம் பள்ளியில் படம் வரைகிறோம். நானும் அப்படித்தான் வரைந்து காட்டினேன். மழைக்காட்டு மரங்களுக்கு அந்தப் படம் பொருந்தாது. இங்கே சத்தெல்லாம் மேல்மண்ணில், உதிர்ந்த இலைகள் மக்கும் அந்த ஓரடி ஆழத்துக்குள்தான் இருக்கிறது. நீரையும் உப்பையும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்களும், அவற்றோடு சேர்ந்து வாழ்ந்து உணவைக் கடத்தித் தருகிற பூஞ்சை இழைகளும் அந்த ஓரடிக்குள்தான் பரவுகின்றன. அவை கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் தாண்டி வெகுதூரம் போகின்றன. அதாவது, மரத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளிப் பாதை போடுகிறோம் என்று நீங்கள் சொல்லும் இடத்திலும் மரம்தான் இருக்கிறது. வேர் மூச்சுவிட வேண்டும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிடம் நசுங்கினால் வேர் மூச்சு முட்டிச் சாகும். சிமெண்டால் மூடினாலும் கதி அதுவேதான். 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லி நகரத்து மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமெண்டுப் பூச்சை அகற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது இதனால்தான். தலைநகரத்து நடைபாதையில் நிற்கிற வேப்பமரத்துக்குக் கிடைத்த அந்த ஒரு மீட்டர்கூட மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருமரங்களுக்குக் கிடையாதா?

இப்போது உங்கள் அறிவிப்புக்கு வருகிறேன். செக்போஸ்ட்டின் பலகையில் ஒட்டப்பட்டிருந்த அந்தத் தாளின்படி, தடம் முழுவதும் இரண்டு மீட்டர் அகலத்துக்கு இன்டர்லாக் கல் பதிக்கப்படும். ஐந்து பெருமரங்களைச் சுற்றி மேடைகள் கட்டப்படும். இருபுறமும் இரும்புக் கைப்பிடி வேலி அமையும். வளைவுகளில் சூரியசக்தி விளக்குகள் நடப்படும். பாலி மரத்தின் முன்னே படமெடுத்துக்கொள்வதற்கான இடம் ஒன்று வரும்.

மேடைகளைப் பற்றிச் சொல்லியாயிற்று. கல்தளத்தைப் பற்றிச் சொல்வதானால், பழைய தடம் யாரோ பொறியாளர் போட்டதன்று. அது யானைத்தாரை. யானைகள் சரிவை நேராக ஏறுவதில்லை, வளைந்து வளைந்து, குறைந்த ஏற்றமாகப் பார்த்து நடக்கும். அந்தத் தாரையைப் பின்பற்றித்தான் காடர்கள் நடந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் நாங்கள் நடந்தோம். 2018 ஆகஸ்ட்டில் கேரளம் முழுவதையும் புரட்டிப்போட்ட மழையின்போது எங்கள் மலையின் தார்ச்சாலை பல இடங்களில் உடைந்து, நாள்கணக்கில் நாங்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தோம். அந்த மழையில் பெரியமரத் தடத்தில் ஓரிடத்திலும் மண் சரியவில்லை. இலைப்படுகை நீரை உறிஞ்சிக்கொண்டது. உங்கள் இயந்திரம் நிரவிய முந்நூறு மீட்டர் தூரத்தில், போன மாதம் பெய்த ஒரே ஒரு கோடைமழைக்கே முழங்கால் ஆழத்துக்கு நீரோடிய தடம் விழுந்திருக்கிறது. வேலி வந்தால் யானை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேலியை மிதித்துப் போட்டுவிட்டுத் தன் வழியே போகும். மறுநாள் செய்தியில் அது அட்டகாசம் செய்த யானை ஆகிவிடும்.

விளக்குகளைப் பற்றி எழுதும்போது என் கை நடுங்குகிறது. பாலி மரத்தின் பொந்தில் மலைமுழக்கி, அதாவது பெரிய இருவாச்சி, நான் சிறுமியாக இருந்த காலத்திலிருந்து கூடு வைக்கிறது. பெட்டை பொந்துக்குள் போனதும் வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் இடுக்கு மட்டும் விட்டு, ஏறத்தாழ மூன்று நான்கு மாதம் உள்ளேயே இருக்கும். அத்தனை நாளும் சேவல்தான் பழங்களைக் கொண்டுவந்து ஊட்டும். சேவல் பயந்து வராமல் போனால் உள்ளே இருப்பவை பட்டினி கிடக்க வேண்டியதுதான். இது கேரளத்தின் மாநிலப் பறவை. அந்தப் பறவை கூட்டுக்குள் அடைபட்டிருக்கும் மாதங்களில், அதே மரத்தின் முன்னே படமெடுக்கும் இடமும் விளக்கும் அமைக்க எந்தக் கூட்டத்தில் முடிவெடுத்தீர்கள்? வாழச்சால் காட்டில் காடர் மக்களே இருவாச்சிக் கூடுகளைக் கண்டுபிடித்துக் காவல் காக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாத செய்தியன்று. எங்கள் மூப்பனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எந்தப் பொந்தில் எந்த மாதம் அடைப்பு விழுகிறது என்று விரல்விட்டுச் சொல்லியிருப்பார்.

இன்னொன்று சிறியதுதான், ஆனாலும் ஆசிரியையால் கடந்துபோக முடியவில்லை. நாங்கு மரத்தில் ஒரு தகரப் பலகையை நான்கு ஆணிகள் அடித்து மாட்டியிருக்கிறீர்கள். அதில் மரத்தின் பெயர் வெடிப்பலா என்றும் வயது 1000 ஆண்டுகள் என்றும் இருக்கிறது. நாங்கின் தளிர் சிவப்பாக இருக்கும், வெடிப்பலாவின் காய் பலாப்பிஞ்சைப்போல முள்ளோடு இருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத நான்காம் வகுப்புப் பிள்ளை எங்கள் பள்ளியில் கிடையாது. வயதைப் பொறுத்தவரை, தேக்கில் ஆண்டு வளையங்கள் தெளிவாக விழும், எண்ணலாம். ஆண்டு முழுதும் ஈரமாக இருக்கும் காட்டின் பசுமைமாறா மரங்கள் பலவற்றில் அப்படி நம்பகமான வளையங்கள் விழுவதில்லை. பிறகு அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது? முன்னூறு ஆண்டு மரம் என்றால் யாரும் வணங்கமாட்டார்களா?

வெளிநாட்டு எடுத்துக்காட்டு எதற்கு என்று கேட்பீர்கள். மலையில் மரம் பார்க்க வருகிறவர்களுக்கு வசதி செய்து தருவதில் நம்மைவிட நூறாண்டு முந்திக்கொண்டவர்கள் அமெரிக்கர்கள். முந்திக்கொண்டதால் முதலில் தவறு செய்தவர்களும் அவர்களே. கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள மாரிப்போசா தோப்பில் வாவோனா என்ற செக்கோயா மரத்தின் அடியை 1881-இல் குடைந்து, குதிரை வண்டி நுழைந்து போக வழி செய்தார்கள். பிறகு கார்கள் நுழைந்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டதாக மதிக்கப்பட்ட அந்த மரம் 1969-இன் குளிர்காலத்தில் பனியின் பாரம் தாங்காமல் விழுந்தது. அதே தோப்பை 2015-இல் மூடினார்கள். மரங்களுக்கு இடையிலிருந்த வண்டி நிறுத்தத்தையும், கடையையும், சுற்றுலா வண்டிகள் ஓடிய தார்ப்பாதைகளையும் பெயர்த்தெடுத்து, நீர் பழைய வழியே ஓடும்படி விட்டு, வேர் பரவிய இடங்களில் தரையைத் தொடாத மரப்பலகை நடைபாலங்களை அமைத்து, 2018-இல்தான் மீண்டும் திறந்தார்கள். அவர்கள் பெருஞ்செலவில் பெயர்த்தெடுத்ததை நாம் பெருஞ்செலவில் பதிக்கப் போகிறோம்.

அத்தனை தூரம் போகவும் வேண்டாம். பரம்பிக்குளத்துக்கு நான்கு முறை பிள்ளைகளை அழைத்துச் சென்றிருக்கிறேன். கேரளக் காட்டைப் பார்க்கப் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும் என்பது எங்கள் எல்லைப்புறத்தின் பழைய வேடிக்கை. அங்கே யாரும் தம் விருப்பப்படி கன்னிமாராவுக்கு நடந்துவிட முடியாது. வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அந்த வழிகாட்டிகள் அந்தக் காட்டின் குடிகள். எங்கள் பிள்ளைகளுக்கு மரத்தைக் காட்டிய பெரியவர், கற்பலகை எதுவும் சொல்லாத பத்துச் செய்திகளைத் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். எங்கள் தடத்திலும் ஆறு காடர் இளைஞர்களும் லயத்துப் பிள்ளைகள் மூவரும் வழிகாட்டிகளாக இருந்தார்கள். பணி தொடங்கிய அன்று முதல் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். கைப்பிடி வேலி வந்துவிட்டால் வழிகாட்டி எதற்கு என்று உங்கள் ஊழியர் ஒருவர் கேட்டாராம்.

அறிவிப்பு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. எனக்கு இரண்டும் படிக்க வரும். லயத்து வீடுகளில் இருக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு வராது. காடர் குடியில் மூத்தவர்கள் யாருக்கும் வராது. அவர்களுக்கு வாசித்துக் காட்டவும் யாரும் வரவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டை வழிவழியாகப் பயன்படுத்திக் காத்துவரும் குடிகளுக்கு அதைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை உண்டு என்று சொல்கிறது. அந்தக் காட்டின் நலனைப் பாதிக்கும் செயல்களைத் தடுக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்குத் தருகிறது. எங்கள் காடர் குடியின் ஊர்ச்சபையான ஊருக்கூட்டத்தில் இந்தத் திட்டம் ஒருமுறைகூட வைக்கப்படவில்லை. தீர்மான நகல் இருக்கிறதா என்று என் இரண்டாவது மனுவில் கேட்டிருந்தேன். பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரிப் பதில் வந்தது. ஒரு தாளின் நகலில் பரிசீலிக்க என்ன இருக்கிறது?

நான் தடத்தைப் பூட்டச் சொல்லவில்லை. பார்க்காத மரத்துக்காக யாரும் பரிந்து பேச மாட்டார்கள். என்னிடம் படித்து இப்போது கோயம்புத்தூரிலும் திருச்சூரிலும் வேலை பார்க்கிறவர்கள் விடுமுறைக்கு வந்தால் முதலில் கேட்பது தங்கள் முடிச்சு இன்னும் இருக்கிறதா என்றுதான். எனக்கும் மூட்டுவலி வந்துவிட்டது. முதல் ஏற்றத்தில் இரண்டு முறை உட்கார்ந்துதான் போகிறேன். நடக்க முடியாதவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் மரம் பார்க்கக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நுழைவாயிலிலிருந்து முதல் இருநூறு மீட்டர் தூரம் பெரிய ஏற்றமில்லாதது. அந்த அளவுக்கு மட்டும், வேரைத் தொடாமல் தூண்கள்மேல் நிற்கும் ஒரு பலகைப் பாதையை அமைத்தால், முதல் மூன்று பெருமரங்களை எல்லோரும் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். அதற்கு மேலே ஏற முடிந்தவர்கள் ஏறட்டும், மண்ணில் நடக்கட்டும், அட்டை கடித்தால் கடிக்கட்டும்.

ஆகவே நான் கேட்பவை இவை. இன்றே பணியை நிறுத்துங்கள். ஏற்கெனவே கொட்டப்பட்டிருக்கும் ஜல்லியையும் கற்களையும் மழை தொடங்குவதற்குள் அகற்றுங்கள். இடவப்பாதி பிறந்தால் அந்தக் குவியல் அப்படியே ஓடையில் இறங்கும், நாங்கள் குடிப்பது அந்த ஓடையின் நீர். வேர் வெட்டப்பட்ட வெடிப்பலாவைப் பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஓரிடத்திலிருந்து மரநோய் அறிந்தவர்களை அழைத்துக் காட்டுங்கள். அது நிற்குமா விழுமா என்பதை அவர்கள் சொல்லும்வரை இரண்டாவது வளைவில் யாரையும் நிற்கவிடாதீர்கள். ஐந்து மேடைகள், விளக்குகள், இரும்பு வேலி, படமெடுக்கும் இடம் ஆகிய நான்கையும் திட்டத்திலிருந்து எழுத்துபூர்வமாக நீக்குங்கள். இருவாச்சி கூட்டிலிருக்கும் மாதங்களில் பாலி மரத்துக்குப் போகும் கிளைத்தடத்தை மூடுங்கள். சித்திரைப் பொங்கலையும் அந்தக் கூடு திறந்த பிறகு வைத்துக்கொள்வதாக லயத்துப் பெண்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், இதை நானே வீடுவீடாகப் போய்க் கேட்டேன். ஒன்பது வழிகாட்டிகளையும் திரும்ப அழைத்து, நின்றுபோன நாள்களின் கூலியைக் கொடுங்கள். மரங்களிலிருந்து ஆணிகளைப் பிடுங்குங்கள். ஆயிரமாண்டுப் பலகையை முதலில் எடுத்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, புதிய திட்டம் எதுவானாலும் அதை ஊருக்கூட்டத்தில் வைத்து, தமிழிலும் மலையாளத்திலும் வாசித்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம் என்றும் அவர்களுக்குத் தமிழிலேயே பதில் தரவேண்டும் என்றும் கூறுகிறது. இந்த மடலுக்கான பதிலையும் அவ்வாறே, சித்திரை முடிவதற்குள் எதிர்பார்க்கிறேன். பரிசீலனையில் உள்ளது என்று மீண்டும் ஒரு வரி வந்தால், அதையும் வேர்த்துண்டின் படத்தையும் சேர்த்து மாவட்ட ஆட்சியருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கும் அனுப்புவேன்.

வரைபடத்தைத் திருத்த ஆள் அனுப்புவதாக இருந்தால் முதல்நாளே சொல்லி அனுப்புங்கள். ஒன்பது கயிறுகளையும் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்குச் செக்போஸ்ட்டில் நிற்கிறேன். மூப்பனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்வழித் தொடக்கப் பள்ளி ஆசிரியை,
பாலக்காடு மாவட்டம்